ஞாயிற்றுக்கிழமை தீனி போட்டது யார்?

விருது விழாவுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் ஏணி போட்டு ஒருவன் பேனர் கட்டிக்கொண்டிருந்தான். ‘இளம் விஞ்ஞானி விருது’ என்ற எழுத்துகள் வலது பக்கம் ஒரு முழம் இறங்கியிருந்தன. இடது பக்கத்தையும் அதே அளவு இறக்கிவிட்டால் கோணல் தெரியாது என்று கீழேயிருந்து வக்கீல் யோசனை சொன்னான். ஏணிக்காரன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களிடம் வக்கீலுக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு, அவனால் முடியாத காரியம் அது.

வக்கீல் நிஜ வக்கீல் இல்லை. சட்டப் பரீட்சையை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்டவன். நாற்பத்திரண்டு வயதில் அந்தப் படிப்பின் மிச்சமாக இந்தப் பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக மேடத்திடம் உதவியாளன். மேடம் காவல் துறையில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறிய வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் வக்கீல் தாராளமாகச் செலவழிப்பான்.

இன்று அவனுக்கும் பேச்சு சரியாக வரவில்லை. காரின் பின் சீட்டில், இந்த வழக்கைக் கொண்டுவந்த அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய தம்பி இந்த நிலையத்தில் உடம்பின் செல்களை வளர்த்து ஆராய்ச்சி செய்துவந்தவன். முப்பத்தொரு வயது. பதினொரு நாட்களுக்கு முன்பு, திங்கட்கிழமை காலை, மூன்றாம் மாடிக் குளிரறையில் பிணமாகக் கிடந்தான். ஆள் உள்ளே நடந்துபோகிற அளவுக்குப் பெரிய ஃபிரிட்ஜ் அது. அவனைச் சுற்றி ஆறு பெட்டி டிரை ஐஸ். சாதாரண ஐஸ் மாதிரி அது உருகித் தண்ணீர் ஆவதில்லை, நேராக வாயுவாகிவிடும். மூடிய அறையில் அந்த வாயு நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்த ஒருவன் தானே பெட்டிகளை உள்ளே இழுத்துவைத்துக்கொண்டு கதவைச் சாத்தினால் அதற்கு ஒரே பொருள்தான் என்று துறைத் தலைவர் போலீஸிடம் சொல்லியிருந்தார். விருது அவனுக்கு இல்லை என்று வெள்ளிக்கிழமை மாலையே தெரிவித்துவிட்டாராம். பையன் மனசு உடைந்துபோய்விட்டானாம். போலீஸும் தலையை ஆட்டிவிட்டது. தற்கொலை என்று நாளைக் காலை கோப்பை மூடிவிடுவார்கள்.

அக்காவின் கதை வேறு. அப்பா இல்லாத வீட்டில் தன் படிப்பை நிறுத்திக்கொண்டு தம்பியைப் படிக்கவைத்தவள் அவள். அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் போன் செய்து அவனைத் திட்டியிருக்கிறாள். சாதாரணத் திட்டு இல்லை. ஏழு வருஷமா அங்க என்னத்தைக் கிழிச்ச, உன்னால யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருக்கிறாள். ஒன்று ஐம்பதுக்கு அவன் அடையாள அட்டையைத் தேய்த்து மூன்றாம் மாடிக்குள் நுழைந்ததாகப் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு அவனை யாரும் உயிரோடு பார்க்கவில்லை.

மேடத்திடம் அவள் கேட்டது இவ்வளவுதான்.

“என் வார்த்தைதான் அவனைக் கொன்னுதுன்னா, மறைக்காம அதையே சொல்லிடுங்க. தெரியாம இருக்கறதுதான் முடியலை.”

காரை விட்டு இறங்கும்முன் அவள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். துப்பு என்று காட்டவில்லை, தம்பியின் கையெழுத்து என்று காட்டினாள். திங்கட்கிழமை அவனுடைய சாமான்களை எடுக்க வந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் எடுத்த படம். செல்களைக் கதகதப்பாக வளர்க்கும் ஒரு பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஆறு தட்டையான குப்பிகள் படுத்திருந்தன. கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘சாப்பிட்டது வெள்ளி. அடுத்த சாப்பாடு ஞாயிறு. நடுவில் யாரும் ஊட்டிவிட வேண்டாம்.’

“குழந்தை மாதிரி வெச்சிருந்தான்,” என்றாள் அக்கா.

மேடம் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் மாடி முழுக்கப் புதுப் பெயின்ட் வாடை. விருது விழாவுக்கு வெளியாட்கள் வருகிறார்கள் என்று தளம் முழுவதையும் வெள்ளையடித்திருந்தார்கள். வாசலில் இருந்த அட்டை இயந்திரத்தை வக்கீல் விசாரித்தான். அந்தச் சனி ஞாயிறு பெயின்ட் அடிக்கிறவர்கள் வந்துபோவதற்காகப் பக்கவாட்டுக் கதவை நாற்காலி வைத்துத் திறந்தே விட்டிருந்தார்கள் என்று காவலாளி ஒப்புக்கொண்டான். லட்சணமான பாதுகாப்பு என்றான் வக்கீல். முன்வாசலில் அட்டையைக் காட்டு, பக்கத்து வாசலில் பல்லைக் காட்டு.

மேடம் ஆராய்ச்சியாளர்கள் யாரிடமும் போகவில்லை. நேராகக் கோடியில் இருந்த சின்ன அறைக்குப் போனார். அங்கே இருபத்திரண்டு வருடமாக ஆய்வகக் கண்ணாடிகளைக் கழுவுகிற அம்மா ஒருத்தி, முழங்கை வரை நுரையோடு நின்றிருந்தாள். பாத்திரம் கழுவுகிறவருக்குத்தான் யார் என்ன தின்றார்கள் என்று தெரியும் என்பது மேடத்தின் கட்சி. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள். முதலில் சீட்டைப் படித்துச் சிரித்தாள், பிறகு குப்பிகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“இது என்னைக்கு எடுத்தது?”

திங்கட்கிழமை மத்தியானம் என்றார் மேடம்.

“அப்ப இதுக்கு யாரு தீனி போட்டா?”

குப்பிகளுக்குள் இருந்தது நல்ல சிவப்பு. அந்த அம்மா நிதானமாக விளக்கினாள். செல்லுக்கு ஊற்றுகிற திரவத்தை இங்கே தீனி என்பார்கள். புதிதாக ஊற்றினால் இந்தச் சிவப்பு. செல்கள் தின்னத் தின்ன நிறம் மாறும். இரண்டாம் நாளில் ஆரஞ்சு, மூன்றாம் நாளில் எலுமிச்சை மஞ்சள். இந்தத் தம்பி வளர்த்தவை பெருந்தீனிக்காரச் செல்கள். வெள்ளிக்கிழமை தின்றவை திங்கட்கிழமை மத்தியானம் இப்படிச் சிவப்பாக இருக்கவே இருக்காது. ஆயிரம் குப்பி கழுவியிருக்கிறேன், இந்த நிறம் முந்தின நாள் ஊற்றின நிறம் என்று அடித்துச் சொன்னாள்.

கூட வேலை செய்கிறவர் யாராவது ஊற்றியிருப்பார்களோ என்று வக்கீல் இழுத்தான்.

“இங்க ஒருத்தர் டிபன் பாக்ஸை இன்னொருத்தர் எடுத்துத் தின்னுடுவாங்க சார். கேட்டா சிரிப்பாங்க. ஆனா அடுத்தவர் குப்பியை மட்டும் தொடமாட்டாங்க. சொந்தக்காரர் வாயால போடுன்னு சொல்லணும். இல்லன்னா வருஷக்கணக்கு வேலை பாழாகிடும். இங்க அது கொலைக்குச் சமம்.”

சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையை நினைத்து அவள் கையைத் திரும்பவும் நுரைக்குள் விட்டுக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் மேடம் நின்றார். வக்கீலுக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஞாயிற்றுக்கிழமை வந்து பசியாற்றிவிட்டுப் போயிருக்கிறார், அன்னதானம் எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்டான்.

“அவன் செத்தது எல்லாருக்கும் எப்பத் தெரிஞ்சுது?”

“திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேடம்.”

“ஞாயித்துக்கிழமை அவனே வந்து போடுவான்னுதானே எல்லாரும் நினைச்சிருக்கணும். சீட்டுலயும் அப்படித்தானே எழுதியிருக்கான். அவன் வரமாட்டான்னு ஞாயித்துக்கிழமையே யாருக்குத் தெரிஞ்சிருந்தது?”

வக்கீல் வாயை மூடிக்கொண்டான்.

வாய் மூடியிருந்தது அரை நிமிடம்தான். அடுத்த நிமிடம் தீர்ப்பே எழுதிவிட்டான். செத்தவனுக்குக் கிடைக்காத விருது இன்று யாருக்குக் கிடைக்கிறதோ அவள்தான். மேடை வரை ரகசியம் என்று பேர், ஆனால் அது யாரென்று காவலாளிவரை கசிந்திருந்தது. அவன் போய்விட்டால் அந்தச் செல்களும் அவற்றிலிருந்து வரப்போகிற பேரும் அவளுக்குத்தானே. ஆளைக் கொன்றவள் செல்லைச் சாகவிடுவாளா? மேடம் அவளைத் தேடி நடந்தார்.

விருதுக்காரப் பெண் ஒரு காலி வகுப்பறையில் நின்று, யாருமில்லாத நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயதிருக்கும். கையில் இருந்த தாளில் பாதி வரிகளை அடித்திருந்தாள். இவர்கள் யாரென்று தெரிந்ததும், போகச் சொல்வாள் என்று வக்கீல் எதிர்பார்த்தான். அவள் மூன்று நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று பதினொரு நாளாகக் காத்திருந்தவள் மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல், சீட்டுகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம் என்றாள். வக்கீலின் தீர்ப்பு அந்த இடத்திலேயே நொண்ட ஆரம்பித்தது. விருதுக் கடிதம் எப்போது வந்தது என்று மேடம் கேட்டார்.

“தேதி வெள்ளிக்கிழமைன்னு போட்டிருக்கு. கையில வந்தது செவ்வாய்க்கிழமை.”

“செவ்வாய்க்கிழமை அவனைத் தகனம் பண்ணின நாள்.”

“ஆமா. திரும்பி வந்து மேஜையைப் பார்த்தேன், இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள்ள போட்டோ வேணும், முன் வரிசையில உக்கார வீட்டுக்காரங்க பேர் வேணும்னு கேட்டாங்க. மத்த வருஷமெல்லாம் அதுக்கு ஒரு வாரம் தருவாங்க. எனக்கு உறுத்துச்சு மேடம். ஆனா கேக்கலை.”

கேட்டிருந்தால் கிடைத்தது கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்ததாக அவளே சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வக்கீலுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. ஏழெட்டு வருடம் கண் விழித்து வேலை பார்த்தவளுக்கு முதல்முறையாக ஒரு கதவு திறந்திருக்கிறது. எப்படித் திறந்தது என்று யார்தான் குடைவார்கள்?

மேடம் படத்தைக் காட்டினார். நிறத்தைப் பார்த்ததும் அவளுக்கும் அதே அதிர்ச்சி. பிறகு படத்தைப் பெரிதாக்கி, குப்பிகளின் மூடிகளையே பார்த்தாள்.

ஆறு மூடிகளும் இறுகவில்லை, லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றன. இந்த மூடிகளின் நடுவிலேயே காற்றுப் போக மெல்லிய சல்லடை இருக்கிறது, அதனால் முழுக்க இறுக்க வேண்டும், தளர்த்தி வைத்தால் கிருமி புகுந்துவிடும் என்றாள். இங்கே சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. அவள் வயதுக்காரர்கள் ஒருவர்கூட இப்படி விட்டுவைக்க மாட்டார்களாம்.

“அவர் சத்தியமா இப்படி வைக்கமாட்டார். இதைப் பண்ணது வேலை தெரியாத யாரோ.”

வெளியே வந்ததும் வக்கீலின் கற்பனை நாலு காலில் பாய்ந்தது. வேலை தெரியாதவன் என்றால் பெயின்ட் அடிக்க வந்தவன். அல்லது காவலாளி. சிவப்பாக இருந்ததால் சர்பத் என்று நினைத்திருக்கலாம். மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அக்காவை மேலே கூட்டிவரச் சொன்னார்.

“எதுக்கு மேடம்?”

“தம்பி வளர்த்ததைக் கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு அவங்க கேக்கறாங்க.”

“அவங்க கேக்கவே இல்லையே.”

“இப்பக் கேப்பாங்க.”

துறைத் தலைவர் விழாவுக்குத் தயாராகக் கோட்டும் டையுமாக இருந்தார். அறுபதை எட்டுகிற வயது, வெள்ளி நரை, பேச்சில் ஒரு கனிவு. தேர்வுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவன் போனபிறகு அந்தச் செல்களுக்கு ஆள் வைத்துத் தீனி போடச் சொன்னவரும் அவர்தான். செத்தவனின் அக்கா கேட்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. தம்பி அவற்றுக்கு எப்படிச் சாப்பாடு போடுவான் என்று காட்டுங்கள் என்று அவள் கேட்டாள். மேடம் சொல்லிக்கொடுத்த வரிதான், ஆனால் கேட்கும்போது அவள் குரல் நிஜமாகவே நடுங்கியது. வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்றார் தலைவர். நீங்களே செய்தால் நன்றாக இருக்கும், அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தானே என்றாள்.

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

ஆய்வக மேஜையில் உட்கார்ந்து வேலை செய்து பதினான்கு வருடம் ஆகிறது, கை ஓடுமோ என்னவோ என்று சிரித்தார். கை ஓடியது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார், கையுறை மாட்டினார், காற்று வீசும் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை நுழைத்தார். பழைய மஞ்சள் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுச் செல்களின் மேல் படாமல் குப்பியின் ஓரமாகச் சிவப்பை இறக்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. வக்கீல் ஒரு நிமிடம் வந்த காரியத்தையே மறந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனிதருக்குத் தன் தொழில் மேல் இருந்த பிரியம் கையில் தெரிந்தது. தலைவர் மூடியைப் போட்டார். முழுக்க இறுக்கினார். பிறகு, பேசிக்கொண்டே, பின்பக்கமாக அரைச் சுற்றுத் தளர்த்தினார்.

அடுத்த குப்பியிலும் அதே மாதிரி, இறுக்கு, அரைச் சுற்றுத் தளர்த்து.

“அதை எதுக்கு சார் திருப்பினீங்க?” மேடத்தின் குரல் உயரவில்லை.

“எதை? ஓ, மூடியா. செல்லுக்கு மூச்சு வேணுமில்லையா. நாங்க படிச்ச காலத்து மூடியில காத்துப் போக வழி கிடையாது. இறுக்கி வெச்சா உள்ளயே மூச்சு முட்டிச் செத்துடும்.”

“இந்த மூடியில வழி இருக்கே.”

தலைவர் தன் கையைப் பார்த்தார். “ஆமா. இப்ப இருக்கு. பழக்க தோஷம்.”

மேடம் போனை அவர் முன்னால் வைத்தார். ஆறு குப்பிகள், சிவப்பு நிறம், அரைச் சுற்றுத் தளர்ந்த ஆறு மூடிகள். பக்கத்தில் அவர் இப்போது வைத்த இரண்டும் அச்சு அசலாக அப்படியே இருந்தன.

வேலை தெரியாதவன் இல்லை. வேலையை முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், வேறு மூடிகளில் கற்றுக்கொண்டவர். வக்கீல் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். தேவையே இருக்கவில்லை. தலைவர் எங்கும் ஓடவில்லை, கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

மேடம் நிதானமாகக் கேட்டார். டிரை ஐஸ் பெட்டிகளைக் குளிரறையில் வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டதே நீங்கள்தானே. அந்தச் சனிக்கிழமை அவற்றை அங்கே வைக்கச் சொன்னது யார்?

அவர்தான். பெட்டிகள் இருந்த அறைக்கும் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. ஒரு பகல்தானே, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தார். தாமே இரண்டு ஆட்களோடு நின்று தள்ளிவைத்தார். கதவில் எச்சரிக்கைச் சீட்டு எதுவும் ஒட்டவில்லை. நான்கு மணிக்குப் பெட்டிகளை எடுக்க வந்தார். அவன் தரையில் கிடந்தான்.

“உயிர் இருந்துச்சா?”

“இல்லை.”

“எப்படித் தெரியும்?”

“கையைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு.”

“அந்த அறையில எதுதான் சார் ஜில்லுன்னு இல்லை?”

அந்தக் கேள்வி இதற்கு முன் தலைவருக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் விஞ்ஞானியாக இருந்தவர். நாடி பார்க்கவில்லை, வெளியே இழுத்துப் போடவில்லை, டாக்டரைக் கூப்பிடவில்லை. ஒன்று ஐம்பதுக்கு உள்ளே போனவன் நான்கு மணிக்கு உயிரோடு இருந்திருப்பானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. குளிரில் கிடந்த உடம்பு நேரத்தைக் காட்டிக்கொடுக்காது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரே கையை விரித்திருந்தார்.

“கதவை என்ன பண்ணினீங்க?”

“மூடினேன்.”

வக்கீல் நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

மறுநாள் காலை திரும்பவும் வந்ததாகத் தலைவர் தானாகவே சொன்னார். விபத்து என்றால் பெட்டியை வைத்தது யார் என்று கேள்வி வரும், அதனால் அவனே வைத்துக்கொண்டதாக இருக்க வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்து முடிவு செய்திருந்தார். அவன் மேஜையில் எடுக்க வேண்டிய காகிதம் ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பும்போது கண்ணாடிக் கதவில் அந்தச் சீட்டைப் பார்த்தார். அடுத்த சாப்பாடு ஞாயிறு.

“மூணு வருஷமா அவன் வளர்த்தது. பட்டினி போட மனசு வரலைம்மா,” என்றார், அக்காவைப் பார்த்து.

இருபது அடி தள்ளி, சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் கிடக்க, இந்த மனிதர் இதே மாதிரி கையுறை மாட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல், பசியாற்றியிருக்கிறார். அதில் பொய்யே இல்லை, நிஜமாகவே மனசு வரவில்லை என்பதுதான் வக்கீலை உலுக்கியது. வாழ்க்கையில் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன் அன்றைக்கு வெறுங்கையோடு நின்றான்.

“மேஜையில இருந்து எடுத்த காகிதம் என்ன?” என்று மேடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார். “வெள்ளிக்கிழமை விருதுக் கடிதம் ஒண்ணுதான் போச்சு. அது இன்னைக்கு விருது வாங்கப்போற பொண்ணுக்குப் போகலை. அவளுக்குப் போனது செவ்வாய்க்கிழமை, பழைய தேதி போட்டு. தற்கொலைன்னா ஒரு காரணம் வேணும். அவனுக்கு மனசு உடையணும்னா விருது அவனுக்குக் கிடைச்சிருக்கக் கூடாது. அதனால செத்தவன்கிட்ட இருந்து அதைத் திருப்பி வாங்கிட்டீங்க.”

தலைவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். குழுவில் ஏழு பேரும் ஒரே மனதாக அவனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்றார். கடிதம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, கிழிக்க முடியவில்லை என்றார். மற்ற ஆறு பேரிடமும், இறந்தவனுக்கு விருது கொடுத்தால் விழாவே துக்கமாகிவிடும் என்று சொல்லிச் சம்மதம் வாங்கியதையும் ஒளிக்கவில்லை. போலீஸிடம் தாம் சொன்னதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லையாம்.

கீழே அரங்கத்தில் மைக் சோதித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரோ எண்ணினார்கள். மேடம் போனை எடுத்துக் கோப்பை மூட இருந்த இன்ஸ்பெக்டரை வரச் சொன்னார். விழாவுக்கா என்று அந்தப் பக்கம் கேட்டது போலும், இல்லை, மூன்றாம் மாடிக்கு என்றார்.

அப்போதுதான் அக்கா பேசினாள். தலைவரின் பக்கத்தில் போய் நின்றாள்.

“அவனுக்கு அது தெரியுமா?”

“எதும்மா?”

“ஜெயிச்சது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடிதத்தை நான்தான் அவன் கையில கொடுத்தேன். மேடையில பேரைச் சொல்ற வரைக்கும் வீட்டுலகூட சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்குவோம். விதி அது. முன் வரிசைக்கு ஒரு பேர் கேட்டேன். உங்க பேரை எழுதினான்.”

மேடம் மெதுவாக அக்காவின் தோளைத் தொட்டு, நீங்கள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, உங்கள் வார்த்தை அவனைக் கொல்லவில்லை, அவன் வேலை பார்க்கத்தான் அந்த அறைக்குள் போனான் என்றார். அதைக் கேட்டு அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று வக்கீல் காத்திருந்தான். வந்தது வேறு எதுவோ.

“நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை மேடம். சொல்லக் கூசுச்சு. நான் திட்டத் திட்ட அவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான். என்னடா சிரிப்புன்னு கேட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு லீவு போட்டுட்டு இங்க வா, ஒரு இடத்துல உக்காரவெச்சுச் சொல்றேன்னான். திமிருன்னு நினைச்சேன்.”

அவள் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

“அவன் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருந்தான். நான்தான் வெச்சுட்டேன்.”